இன்ஃப்ராவொர்க்ஸ்ல இம்போர்ட் பண்ண ரோடு டிசைன் மொத்தமும் ஒரே சாம்பல் கலர்ல வருது, ஸ்டைல் ரூல் எப்படி எழுதணும்?

சங்கிலிஅளவு:

வணக்கம் எல்லாருக்கும். 4 லேன் ரோடு ஒண்ணு, நடுவுல மீடியன், ரெண்டு பக்கமும் ஷோல்டர், குடியிருப்பு வர்ற இடத்துல மட்டும் கர்பும் நடைபாதையும். டிசைன் சிவில் 3டி-ல (ரோடு டிசைன் சாஃப்ட்வேர்) காரிடாரா, அதாவது ரோட்டோட முழு 3டி மாடலா முடிஞ்சிருச்சு. இப்போ அதை இன்ஃப்ராவொர்க்ஸ்ங்கற 3டி காட்சி சாஃப்ட்வேர்ல கொண்டுவந்து, வரைபடம் படிக்கத் தெரியாதவங்களும் பார்த்தவுடனே புரிஞ்சுக்கற மாதிரி காட்டணும், எது தார், எது நடைபாதை, எங்க மண்ணை வெட்டுறோம், எங்க கொட்டி உயர்த்துறோம்னு.

நான் செஞ்சது இதுதான். சென்டர்லைனை லேண்ட்எக்ஸ்எம்எல்-ஆ (டிசைன் டேட்டாவை ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டுபோற ஃபைல்) எடுத்து ரோடுன்னு இம்போர்ட் பண்ணேன். காரிடார்ல இருக்கற லிங்க் (குறுக்குவெட்டுல ஒவ்வொரு பரப்பையும் காட்டற கோடு) எல்லாத்தையும் பாலிகானா மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் கோட் பேரை (அது என்ன பரப்புன்னு சொல்ற பேர்) அட்ரிப்யூட்டா ஏத்தி ஷேப்ஃபைலா (மேப் டேட்டா ஃபைல்) எழுதி, அதை கவரேஜ் ஏரியாவா, அதாவது தரைமேல விரிக்கற பரப்பா உள்ள கொண்டுவந்தேன். வந்து உட்கார்ந்துச்சு, ஆனா மொத்தமும் ஒரே சாம்பல். முதல்ல சில பாலிகானை க்ளிக் பண்ணி கையால ஸ்டைல் கொடுத்துப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா டிசைன் இன்னும் மாறிக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு ரிவிஷனுக்கும் உட்கார்ந்து க்ளிக் பண்ணிட்டு இருக்க முடியாது இல்லையா. அதான் ஸ்டைல் ரூல் பக்கம் வந்தேன்.

கோட் "பேவ்"-க்கு சமம்னா தார் மெட்டீரியல், "சைட்வாக்"-க்கு சமம்னா கான்கிரீட், "டேலைட்"-னு (ரோட்டு ஓரத்துல இருந்து பழைய தரையைத் தொடற சரிவு) எங்க இருந்தாலும் புல், இப்படி ரூல் எழுதி ரன் பண்ணேன். சரிவுல மட்டும் புல் வந்துச்சு. தார் எங்கயும் வரல, நடைபாதையும் வரல. முன்னாடி கையால கலர் கொடுத்த பாலிகான் எல்லாம் அதே பழைய கலர்ல நிக்குது, ரூல் அதைத் தொடவே இல்ல. போதாததுக்கு ஃபில் (மண்ணைக் கொட்டி உயர்த்தறது) வர்ற இடத்துல ஓகே, கட் (மண்ணை வெட்டறது) வர்ற இடத்துல பாதி ரோடு தரைக்குள்ள போயிருது. ரூல் பக்கம் பார்க்கணுமா, டேட்டா பக்கம் பார்க்கணுமா? யாராவது இதை முழுசா செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

---

டேட்டம்:

டேட்டா பக்கம்தான் முதல்ல பாருங்க நண்பா. ரூலுங்கறது ஒரு ஃபில்டர், அதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டைல், அவ்வளவுதான். அது ரோட்டைப் பார்க்காது, நீங்க ஏத்தி அனுப்புன அட்ரிப்யூட்டை மட்டும்தான் படிக்கும். டிசைன் ஃபைல்ல இருந்து வடிவமும் பேரும்தான் வரும், தோற்றம் வராது. லேண்ட்எக்ஸ்எம்எல்-ஐயே எடுத்துக்கோங்க, 1.2 வெர்ஷன் வந்தது 2008-ல, அதுல அலைன்மென்ட் போகும், ப்ரொஃபைல் போகும், சர்ஃபேஸ், குறுக்குவெட்டு எல்லாம் போகும், ஆனா உங்க டிராயிங்ல தார் கறுப்பா இருந்துச்சா பச்சையா இருந்துச்சாங்கறதை அது சுமந்துட்டு வராது. அதனால சாம்பலா வந்ததுல ஆச்சரியமே இல்ல.

இப்போ ஒரு தார் பாலிகானை செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸைத் திறங்க. கோட் இருக்கற இடத்துல என்ன எழுத்து இருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா படிங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, அங்க வெறும் "பேவ்" இருக்காது, "டாப், பேவ்"-னு இருக்கும். சிவில் 3டி-ல ஒரே லிங்க்குக்கு ஒண்ணுக்கு மேல கோட் இருக்கலாம், லேன் சப்அசெம்ப்ளியோட (குறுக்குவெட்டைக் கட்டற ரெடிமேட் துண்டு) மேல் லிங்க்குக்கு டாப்பும் உண்டு பேவும் உண்டு, ஏன்னா அந்தப் பரப்பு தாராவும் இருக்கு, முடிஞ்ச ரோட்டோட மேல்மட்டமாவும் இருக்கு. நீங்க ஏத்தறப்போ ரெண்டையும் கமா போட்டு ஒரே செல்லுல ஏத்தியிருப்பீங்க. அப்புறம் "சமம்"-னு ஃபில்டர் போட்டா எப்படி மாட்டும்? சரிவுக்கு மட்டும் "எங்க இருந்தாலும்"-னு லைக் போட்டீங்க பாருங்க, அதனாலதான் அது மட்டும் மாட்டுச்சு.

அதுக்காக உடனே எல்லாத்துக்கும் லைக் போட்டுறாதீங்க, அதுல வேற வில்லங்கம் இருக்கு. காரிடார்ல இருக்கற எல்லா லிங்க்கையும் எடுத்தேன்னு சொல்றீங்க. லேனுக்கு அடியில பேவ்1, பேவ்2, பேஸ், சப்பேஸ்னு ஒவ்வொரு அடுக்குக்கும் லிங்க் இருக்கு, "பேவ்" எங்க இருந்தாலும்னு போட்டா அடி அடுக்கும் சேர்ந்து மாட்டிக்கும். மேல இருந்து பார்த்தா இவை எல்லாம் ஒரே இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும், தரைமேல படிய விட்டீங்கன்னா எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துரும், எது மேல தெரியணும்னு ஒரு ஒழுங்கே இருக்காது. ரெண்டு பரப்பு ஒரே உயரத்துல இருந்தா கேமரா நகர நகர மினுமினுக்கும், அதைப் பார்த்துட்டு கிராஃபிக்ஸ் கார்டைக் குறை சொல்றவங்க நிறைய பேர். எக்ஸ்போர்ட் பண்றப்பவே டாப் கோட் இருக்கற லிங்க்கை மட்டும் எடுங்க. கண்ணுக்குத் தெரியப்போறது அது மட்டும்தான். அடுக்கைக் காட்டணும்னா அது தனி செக்‌ஷன் வேலை, இந்த மாடல்ல வேண்டாம்.

---

ஆட்டோலெவல்:

மேல டேட்டம் சொன்னது முழுக்க சரி. விட்டுப்போன ரெண்டு விஷயம் நான் சொல்றேன்.

கையால கொடுத்த கலர் மாறாததுக்குக் காரணம், இன்ஃப்ராவொர்க்ஸ்ல மேனுவல் ஸ்டைல் தனி, ரூல் ஸ்டைல் தனி. ரெண்டும் இருந்தா மேனுவல்தான் ஜெயிக்கும். ரூல் ஓடியிருக்கும், அதோட ஸ்டைலும் போய் உட்கார்ந்திருக்கும், ஆனா மேல இருக்கற மேனுவல் மறைக்குது. அந்த பாலிகான்களை செலக்ட் பண்ணி மேனுவல் ஸ்டைலை காலி பண்ணிடுங்க, அடியில இருக்கறது தானா வெளிய வரும். இது நல்ல ஏற்பாடுதான், ஏதாவது ஒரு இடத்துல மட்டும் விதிவிலக்கா காட்டணும்னா கையால கொடுத்துக்கலாம், ரூல் எத்தனை தடவை ஓடினாலும் அது கெடாது.

அடுத்தது ஃபில்டர் எழுதற விதம். ஒரே பாலிகான் ரெண்டு ரூல்ல மாட்டுற மாதிரி எழுதவே எழுதாதீங்க. வரிசையை மாத்தி மாத்தி எது ஜெயிக்குதுன்னு பார்த்து சரி பண்றவங்க இருக்காங்க, இன்னைக்கு சரியா வரும், அடுத்த மாசம் இன்னொருத்தர் நடுவுல ஒரு ரூலைச் செருகுவார், மொத்தமும் கலங்கிடும். ஒவ்வொரு பாலிகானும் ஒரே ஒரு ரூல்லதான் விழும்னு இருந்தா வரிசையைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம்.

எந்த ரூல்லயும் விழாததுக்கும் ஒரு ரூல் எழுதுங்க, இதை நான் எல்லா மாடல்லயும் கட்டாயமா வெச்சிருக்கேன். கோட் மேல சொன்ன எதுவுமே இல்லேன்னா, இல்ல கோட் காலியா இருந்தா, கண்ணைக் குத்துற ரோஸ் கலர். சாம்பல்ல விட்டீங்கன்னா அது தார் மாதிரியே இருக்கும், விட்டுப்போனது யாருக்கும் தெரியாது. ரோஸ் கலர்ல மினுக்குனா, புது ரிவிஷன்ல டிசைனர் எங்கயோ ஒரு புது சப்அசெம்ப்ளி போட்டிருக்கார்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். வெளிய காட்டற அன்னைக்கு மாடல்ல ரோஸ் ஒரு துளிகூட இருக்கக்கூடாது, அதுதான் என் செக்கிங்.

சின்னதா இன்னொண்ணு. லைக்ல அண்டர்ஸ்கோருக்கு தனி அர்த்தம் உண்டு, "ஏதாவது ஒரு எழுத்து"-ன்னு எடுத்துக்கும். "டேலைட்_கட்"-னு லைக்ல எழுதுனா நடுவுல அண்டர்ஸ்கோருக்குப் பதிலா வேற எந்த எழுத்து இருந்தாலும் மாட்டும். உங்க கேஸ்ல பெரிசா பாதிக்காது, ஆனா லேன்_1, லேன்_2-ன்னு நம்பர் போட்டுப் பேர் வெக்கற பழக்கம் இருந்தா ஒரு நாள் கடிக்கும்.

---

சங்கிலிஅளவு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டாப் இருக்கற லிங்க்கை மட்டும் எடுத்து, கோடை ஒரே சொல்லா ஏத்தி, மேனுவல் ஸ்டைலைக் காலி பண்ணி ரன் பண்ணேன். தார் வந்துருச்சு, நடைபாதை வந்துருச்சு, மினுமினுப்பும் போச்சு. ரோஸ் ரூலும் போட்டேன், மீடியன் மூக்குல ஒரு துண்டு ரோஸா வந்துச்சு, அது கோடே இல்லாம இருந்த லிங்க்.

இன்னும் மூணு பிரச்சனை. லேனுக்கும் ஷோல்டருக்கும் ஒரே பேவ் கோட், அதனால ரெண்டும் ஒரே கறுப்பு. அதுக்காக சப்அசெம்ப்ளி பேரையும் இன்னொரு ஃபீல்டா சேர்த்து அனுப்புனேன், இம்போர்ட் மேப்பிங்ல (ஃபைல்ல இருக்கற எந்த ஃபீல்டு மாடல்ல எதுக்குன்னு சொல்ற இடம்) அந்தப் பேரைக் கொடுத்தா காலியா வருது, ஃபைல்ல டேட்டா இருக்கறதை நான் வேற சாஃப்ட்வேர்ல திறந்து பார்த்துட்டேன். அடுத்து, வெள்ளைக் கோடு போட்ட தார் மெட்டீரியலைக் கொடுத்தா ரோடு வளையற இடத்துல கோடெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கால ஓடுது. கட்ல ரோடு தரைக்குள்ள போறது இன்னும் அப்படியேதான் இருக்கு.

---

டேட்டம்:

ஃபீல்டு பேர் சப்அசெம்ப்ளின்னு முழு ஆங்கில எழுத்துல கொடுத்தீங்களா? அதுல 11 எழுத்து இருக்கு. ஷேப்ஃபைலோட அட்ரிப்யூட் டேபிள் டிபிஎஃப் ஃபார்மட், அதுல ஃபீல்டு பேர் 10 எழுத்துதான், மிச்சத்தைச் சத்தமில்லாம வெட்டிடும். கடைசி ஒய் இல்லாம ஒரு ஃபீல்டு இருக்கும் பாருங்க, மேப்பிங்ல அதைக் கொடுங்க. டிஸ்கிரிப்ஷனும் 11 எழுத்துதான், அதுவும் இதே மாதிரி வெட்டுப்படும். நான் எப்பவும் எக்ஸ்போர்ட்டுக்குன்னு 10-க்குள்ள அடங்கற பேரா நானே வெச்சிடுவேன். செல்லுக்குள்ள இருக்கற எழுத்துக்கும் 254-ன்னு எல்லை உண்டு, ஆனா கோட் பேர் அவ்வளவு நீளம் போகாது.

லேன், ஷோல்டர் பிரிக்கறதுக்கு சப்அசெம்ப்ளி பேரை வெச்சு ஃபில்டர் போடறது வேலை செய்யும். ஆனா என்னைக் கேட்டா டிசைன்லயே பிரிக்கறதுதான் நல்லது. சப்அசெம்ப்ளி பேர்ங்கறது டிசைனர் அசெம்ப்ளியை காப்பி பண்றப்போ பின்னாடி ஒரு நம்பர் ஒட்டிக்கிட்டு மாறும், கோட் அப்படி மாறாது. லிங்க் கோடை நாமளே கொடுக்கற மாதிரி இருக்கற சப்அசெம்ப்ளியா இருந்தா, ஷோல்டருக்குத் தனி கோட் ஒண்ணு கொடுக்கச் சொல்லுங்க. டிசைனரோட உட்கார்ந்து ஒரு கோட் பட்டியல் போட்டுக்கிட்டா உங்க ரூல் பாதியா குறைஞ்சிடும். இதுல அவருக்கும் லாபம் இருக்கு, அதே கோடை வெச்சுத்தான் சிவில் 3டி-ல கோட் செட் ஸ்டைலும் வேலை செய்யுது, குவான்டிட்டியும் பிரியுது.

கட், ஃபில் ரெண்டுக்கும் ஒரே புல் போட்டிருக்கீங்க, அதையும் பிரிச்சிடுங்க. டேலைட்_கட், டேலைட்_ஃபில்னு கோட் ஏற்கனவே தனித்தனியாத்தான் வருது. வெட்டுன சரிவுக்கு மண் கலர், கொட்டுன சரிவுக்குப் புல். மண்ணை எங்க வெட்டுறோம்னு காட்டணும்னு கேள்வியிலயே சொல்லியிருக்கீங்க, அந்த ஒரு மாத்தத்துல அது மொத்தமும் வெளிச்சமாயிடும்.

---

மண்வேலை:

தரைக்குள்ள போறது ரூல் சம்பந்தப்பட்டதே இல்ல, ஸ்டைலை எவ்வளவு மாத்தினாலும் சரியாகாது. உங்க பாலிகானுக்கு அதோட சொந்த உயரம் இருக்கு, மாடல்ல இருக்கற தரை இன்னும் பழைய தரை. ஃபில்ல ரோடு பழைய தரைக்கு மேல இருக்கறதால தெரியுது, கட்ல கீழ இருக்கறதால பழைய தரை அதை மூடுது. அவ்வளவுதான் விஷயம்.

காரிடாரோட டாப் சர்ஃபேஸை தனியா எடுத்து டெரெய்னா, அதாவது தரையா இம்போர்ட் பண்ணுங்க. காரிடார் எல்லையைப் பவுண்டரியா கொடுத்துட்டு எடுங்க, இல்லேன்னா வளைவோட உள்பக்கம் முக்கோணம் இழுத்துக்கிட்டு போய் பக்கத்து நிலத்தை எல்லாம் மூடிடும். அப்புறம் சர்ஃபேஸ் லேயர்ஸ்ல அதைப் பழைய தரைக்கு மேல கொண்டுவாங்க. இப்போ தரையே உங்க டிசைன் வடிவத்துக்கு வந்துருச்சு, கவரேஜ் டேட்டா சோர்ஸ்ல டிரேப் பண்ணச் சொல்லி கொடுத்தீங்கன்னா பாலிகான் எல்லாம் அதுமேல போர்வை மாதிரி படிஞ்சிடும். வடிவம் தரையில இருந்து, கலர் கவரேஜ்ல இருந்து.

டிரேப் பண்ணப்போறீங்கன்னா பாலிகானுக்கு உயரமே தேவையில்ல. அப்போ இன்னொரு வசதியும் வருது. காரிடார் 5 மீட்டருக்கு ஒரு செக்‌ஷன்னு போனா, ஒவ்வொரு 5 மீட்டருக்கும் ஒரு குட்டிப் பாலிகான், கிலோமீட்டருக்கு ஒரு லேன்லயே 200. கியூஜிஐஎஸ்-ல (மேப் சாஃப்ட்வேர்) கோட் வாரியா டிசால்வ் பண்ணி ஒண்ணா சேர்த்துட்டு கொண்டுவாங்க, மாடலும் லேசாகும், துண்டுக்குத் துண்டு நடுவுல தெரியற மெல்லிசான இடைவெளியும் போகும். ஒரே ரூல்ல ரெண்டு மூணு ஸ்டைலை விகிதம் போட்டுக் கொடுக்கற வசதி இருக்கே, அதை மரத்துக்கும் கட்டடத்துக்கும் வெச்சுக்கோங்க, ரோட்டுக்கு வேண்டாம், துண்டு துண்டா இருக்கற பாலிகானுக்கு அதைக் கொடுத்தா தார் ஒட்டுப்போட்ட மாதிரி ஆயிடும்.

வெள்ளைக் கோடு விஷயம். கவரேஜ் ஏரியாவுக்கு ரோடு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாது, அதுக்கு அது வெறும் பரப்பு. அதனால திசை இல்லாத வெறும் தார் மெட்டீரியலை மட்டும் கொடுங்க. கோடு தனியா வரணும். காரிடார்ல இருந்து லேன் ஓரத்தோட ஃபீச்சர் லைனை எடுத்து, 10-லருந்து 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு பட்டையாக்கி, "மார்க்கிங்"-னு ஒரு கோட் வெச்சு இன்னொரு கவரேஜா ஏத்துங்க, அதுக்கு ஒரு ரூல், வெள்ளை. விட்டு விட்டு வர்ற கோடுன்னா லைனை முதல்லயே துண்டாக்கிட்டுத்தான் பட்டையாக்கணும், ஸ்டைல்ல அதைக் கொண்டுவர முடியாது. அம்புக்குறி, ஜீப்ரா எல்லாம் இதே மாதிரி பாலிகானா வரையலாம், கொஞ்சம் மெனக்கெடணும், ஆனா ஒரு தடவை செஞ்சா பார்க்கறவங்களுக்கு ரோடு ரோடாவே தெரியும்.

முக்கியமா, அந்த சென்டர்லைனை ரோடுன்னு இம்போர்ட் பண்ணியிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க. ரோடுன்னு உள்ள வந்தா அது தனக்குன்னு ஒரு ஸ்டைலோட, ஒரு அகலத்தோட வந்து சுத்தி இருக்கற தரையையும் அதுக்கு ஏத்த மாதிரி சீர்பண்ணிக்கும். உங்க டிசைன் தரையும் அதுவும் ஒரே இடத்துல மல்லுக்கு நிக்கும். ரோடு ஃபீச்சருக்கு ரூல் எழுதறது சுத்துவட்டார பழைய ரோடுகளுக்குத்தான் சரி, லேன் எண்ணிக்கை, ரோடு வகை இதை வெச்சு பெரிய ரோட்டுக்கு ஒரு ஸ்டைல், தெருவுக்கு ஒரு ஸ்டைல்னு கொடுத்தா பின்னணி அழகா அமையும். உங்க புது ரோடு கவரேஜ்ல மட்டும் இருக்கட்டும்.

---

சங்கிலிஅளவு:

சென்டர்லைனை எடுத்ததுமே பாதி குழப்பம் தீர்ந்துச்சு சார், தார் ஓரத்துல ஒரு மேடு மாதிரி வந்துட்டு இருந்தது அதனாலதான்னு இப்போதான் புரியுது. டாப் சர்ஃபேஸை டெரெய்னா போட்டு மேல ஏத்தினேன், கட் பகுதி முழுசும் திறந்துக்கிச்சு. மண் கலர் சரிவு ரெண்டு பக்கமும் எழும்பி நிக்க நடுவுல ரோடு போறதைப் பார்க்கறப்போ ப்ளான்ல இத்தனை நாள் பார்த்த அதே ரோடுதானான்னு இருக்கு. ஃபீல்டு பேரும் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுத்தான் இருந்தது, இப்போதைக்கு அதை வெச்சு ஷோல்டரைப் பிரிச்சிருக்கேன், அடுத்த ரிவிஷன்ல தனி கோட் கொடுக்கறேன்னு டிசைனர் ஒத்துக்கிட்டார். மார்க்கிங் வேலை நாளைக்கு ஆரம்பிக்கறேன்.

ஒரு கடைசிக் கேள்வி. இதே ரோட்டுக்கு இன்னொரு பகுதி வேற டீம்ல ஓடுது, அவங்க மாடல் தனி. இந்த ரூலையெல்லாம் அவங்களுக்கு அப்படியே கொடுக்க முடியுமா, இல்ல அவங்க திரும்ப எழுதணுமா?

---

ஆட்டோலெவல்:

திரும்ப எழுத வேண்டாம். ஸ்டைல் ரூல்ஸ் பேனல்லயே எக்ஸ்போர்ட் இருக்கு, ஜேசன் ஃபைலா வெளிய வரும், அவங்க அதை இம்போர்ட் பண்ணிக்கிட்டு ரன் பண்ணா போதும். ஆனா ரூல் ஃபைல்ல ஸ்டைலோட பேர் மட்டும்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு வேலை பண்ணுங்க. நீங்க சொந்தமா உருவாக்குன மண் கலர், வெறும் தார் இதெல்லாம் எந்த ஸ்டைல் கேட்டலாக்ல இருக்கோ அந்த கேட்டலாக்கையும் எக்ஸ்போர்ட் பண்ணி சேர்த்து அனுப்புங்க. அதோட அந்த கோட் பட்டியலையும் கொடுங்க. அவங்க டிசைனர் நடைபாதைக்கு வேற பேர் வெச்சிருந்தா உங்க ரூல் அங்க ஒண்ணுமே செய்யாது. ரோஸ் ரூலை மட்டும் கண்டிப்பா சேர்த்தே அனுப்புங்க, அவங்க பேர் எங்கெங்க மாறியிருக்குன்னு முதல் ரன்லயே அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.